"எப்ப போட்டிக்கு இறங்கப் போறீங்கள்?" – ஓடத் தொடங்கியவர்களைத் துரத்தும் கேள்வி

மன்னார் கீரிக் கடற்கரையிலோ பெரிய பாலத்துப் பக்கமோ விடியற்காலையில் ஒரு மாதம் தொடர்ந்து ஓடிப் பாருங்கள். முதல் கிழமை நாய்கள் துரத்தும். இரண்டாம் கிழமை வீதியில் நிற்கும் கழுதைகளுக்கு நீங்கள் பழகிவிடுவீர்கள். நாலாம் கிழமை தெரிந்தவர் ஒருவர் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கி, "என்ன, எப்ப போட்டிக்கு இறங்கப் போறீங்கள்?" என்று கேட்பார்.

கேட்பவர் கெட்ட மனதோடு கேட்பதில்லை. பிரச்சினையே அதுதான். கேலி செய்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். அன்போடு கேட்பவருக்கு என்ன சொல்வது? அடுத்த வாரம் விளையாட்டுக் கழகத்தின் வட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டி அறிவித்தல் வரும். அதன் கீழே யாரோ உங்கள் பெயரைப் போட்டிருப்பார்கள். அலுவலகத்தில் அணி சேர்ப்பார்கள். லண்டனில் இருக்கும் அண்ணா, தான் அங்கே நிதி சேகரிப்புக்காகப் பத்து கிலோமீற்றர் ஓடப் போவதாகவும், நீங்களும் அதே நாளில் இங்கே ஓட வேண்டும் என்றும் குரல் பதிவு அனுப்புவார். நீரிழிவைக் கட்டுப்படுத்தவோ, இரவில் நித்திரை வரவேண்டும் என்றோ ஓடத் தொடங்கியவர், இரண்டே மாதத்தில் இலக்கத் துண்டை நெஞ்சில் குத்திக்கொண்டு தொடக்கக் கோட்டில் நிற்பார். தான் எப்போது சம்மதித்தார் என்பது அவருக்கே நினைவிருக்காது.

இப்போது இந்தக் கேள்விக்கு ஒரு துணை வாதமும் கிடைத்திருக்கிறது. முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோருக்கான தடகளப் போட்டியில் தங்கப் பதக்கங்களுடன் திரும்பினார். அப்போது அவருக்கு 72 வயது. நம் எல்லோருக்கும் பெருமை தந்த செய்தி அது. ஆனால் "72 வயது அம்மா ஓடுறா, உனக்கென்ன?" என்று அவரைக் காட்டி மற்றவர்களைத் தள்ளுவது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல. அவர் நேற்றுச் சப்பாத்து வாங்கி இன்று போட்டிக்குப் போனவரல்ல, தொடர்ந்து பங்குபற்றிவந்த வீராங்கனை. அவருடைய பதக்கத்துக்குப் பின்னால் இருக்கும் காலத்தை விட்டுவிட்டு வயதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

புதிதாக ஓடும் உடலுக்குள் நடப்பது தெரிந்தால் இந்தத் தள்ளல் ஏன் ஆபத்து என்பது விளங்கும். இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகும். ஆறு கிழமையில் மூச்சு வாங்குவது குறைந்து, "நான் தயார்" என்ற எண்ணம் வந்துவிடும். எலும்பு அந்த வேகத்தில் மாறாது. புதிய சுமை விழும்போது எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைத்துவிட்டுப் பிறகுதான் புதிதாகக் கட்டுகிறது. இடைப்பட்ட கிழமைகளில் அது முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். மூச்சு தயார் என்று சொல்லும் அதே நாட்களில்தான் கணுக்காலுக்கு மேலேயும் பாதத்திலும் மயிரிழை வெடிப்புகள் வருகின்றன. 1855இல் பிரஷ்ய இராணுவ வைத்தியர் பிரைத்தாப்ட் இதை முதலில் எழுதிவைத்தது, நீண்ட அணிநடைக்குப் பிறகு பாதம் வீங்கிய சிப்பாய்களைப் பார்த்துத்தான். அவர்களுக்கும் வேகத்தைத் தீர்மானித்தது அவர்களுடைய கால் அல்ல, மேலிருந்து வந்த கட்டளை. இரத்தச்சோகை உள்ள, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு ஓடும் பெண்களுக்கு இந்த ஆபத்து கூட.

பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை புதியவர்களுக்குப் பரிந்துரைக்கும் திட்டத்தில் முதல் கிழமை ஒரு நிமிடம் ஓடி, ஒன்றரை நிமிடம் நடக்க வேண்டும். கிழமைக்கு மூன்று நாள்தான். ஒன்பதாம் கிழமையில்தான் இடைவிடாத அரை மணி நேர ஓட்டம் வரும். குளிர்நாட்டு ஆட்களுக்கே அவ்வளவு பொறுமை சொல்லப்பட்டிருக்கிறது. இங்கே ஒன்பது கிழமையில் மன்னார் நகரத்திலிருந்து பேசாலைக்கு ஓடிக் காட்டச் சொல்கிறார்கள்.

அடுத்தது வெயில். ஓடும்போது தசை எரிக்கும் சக்தியில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு வெப்பமாகவே வெளியே வருகிறது. அதை இறக்க உடலுக்கு உள்ள முக்கிய வழி வியர்வை. வியர்வை வழிந்தால் போதாது, அது காய வேண்டும். கடல் சூழ்ந்த மன்னார்த்தீவில் காற்று ஈரமானது. சோளகம் அடிக்கும் மாதங்களில் மணலை வாரி முகத்தில் எறிந்தாலும் அந்தக் காற்று வியர்வையைக் காய வைக்கிறது. வாடை ஓய்ந்து சோளகம் தொடங்காத மார்ச், ஏப்ரல் மாதங்களில் காற்றும் இல்லை, வெயிலும் உச்சம். வளிமண்டலவியல் திணைக்களம் வெப்ப எச்சரிக்கை விடும் நாட்களும் இவைதான். பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளும் மரதன் ஓட்டங்களும் ஆண்டின் முதல் மாதங்களில் தொடங்கி இந்த வெயிலுக்குள் இழுபடுகின்றன.

2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் கலந்துகொண்ட 16 வயது மாணவன் உயிரிழந்தார். வைத்தியசாலையில் கொடுக்கப்பட்ட சிகிச்சை பற்றிக் கேள்வி எழுப்பி மக்கள் போராடினார்கள். அது கேட்கப்பட வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அன்று ஓட வேண்டாம் என்று நினைத்த ஒரு பிள்ளை நம் பாடசாலை எதிலாவது அதைச் சொல்லியிருக்க முடியுமா? இல்லத்துக்குப் புள்ளி வேண்டும். ஆசிரியர் பெயர் எழுதிவிட்டார். நண்பர்கள் வீதியோரம் நிற்கிறார்கள். பெரியவர்களே மறுக்கத் தெரியாமல் நிற்கும் இடத்தில் பதினாறு வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

"மரதன்" என்ற பெயரிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. உண்மையான மரதன் 42.195 கிலோமீற்றர், மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள் ஓடுவது. நாங்கள் ஐந்து கிலோமீற்றர் வீதி ஓட்டத்துக்கும் அதே பெயரை வைத்திருக்கிறோம். பெயர் பெரிதாக இருப்பதால் பிள்ளை அதை வீரச்செயலாக நினைக்கிறது, தூரம் சிறிதாக இருப்பதால் பெரியவர்கள் பயிற்சி தேவையில்லை என்று நினைக்கிறார்கள்.

நமக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கள் ஊர்களில் "ஓட்டம்" என்ற சொல் விளையாட்டு மைதானத்திலிருந்து வந்ததல்ல. 1990இல் மன்னார் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2007, 2008இல் மடு, அடம்பன், விடத்தல்தீவுப் பக்கத்து மக்கள் வன்னிக்குள் இடம்பெயர்ந்தார்கள். அவர்களில் பலர் முள்ளிவாய்க்கால் வரை போனவர்கள். "எத்தனை தரம் ஓடினீங்கள்?" என்ற கேள்விக்கு இங்கே வயதானவர்கள் பந்தயத்தை நினைப்பதில்லை. நெஞ்சு படபடப்பதும் மூச்சு முட்டுவதும் வாய் காய்வதும் ஓட்டத்துக்கும் பயத்துக்கும் பொதுவானவை. தனியாக, தன் வேகத்தில், நிறுத்த விரும்பிய இடத்தில் நிறுத்தி ஓடும்போது, இந்தப் படபடப்பால் ஆபத்தில்லை என்று உடல் மெல்ல மெல்லப் பழகலாம். ஓட்டம் மனச்சோர்வைக் குறைக்க உதவுகிறது என்று ஆய்வுகள் சொல்வதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் போட்டி நாளில் கூட்டம் இருக்கும், ஒலிபெருக்கி இருக்கும், பின்னால் ஆட்கள் ஓடி வருவார்கள், தொடக்கத்துக்குத் துப்பாக்கி வெடிக்கும். அந்த வெடிச்சத்தத்தில் எல்லோருடைய உடலும் ஒரே மாதிரி முன்னே பாயாது. காலில் ஷெல் துண்டுடன் வாழ்பவரை, "நீங்கள் ஓடினால் எல்லாருக்கும் முன்மாதிரி" என்று மேடைக்கு இழுக்கும் நல்லெண்ணக்காரர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று எந்தக் காயப்பட்டவரும் கடன்பட்டிருக்கவில்லை.

வெளியிலிருந்து வரும் உந்துதல் ஆர்வத்தைக் கூட்டும் என்றுதான் பொதுவாக நம்புகிறோம். அமெரிக்க உளவியலாளர் எட்வேர்ட் டெசி 1971இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை வேறு விதமாகச் சொன்னது. மாணவர்களுக்குப் புதிர் விளையாட்டுக் கொடுத்து, ஒரு பகுதியினருக்கு அதைத் தீர்க்கப் பணமும் கொடுத்தார். பணம் நின்ற பிறகு, பணம் வாங்கியவர்கள் ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தொடுவது குறைந்தது. மனிதர் தானாக விரும்பிச் செய்த காரியம் வேறொருவருக்காகச் செய்யும் காரியமாக மாறும்போது இப்படி நடக்கலாம். போட்டி முடிந்த மறுவாரம் சப்பாத்தை மூலையில் போட்டவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள்.

போட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு ஒரு திகதி இருந்தால்தான் விடிய எழும்ப மனம் வரும். கேள்வி, அந்தத் திகதியை யார் குறித்தார்கள் என்பதுதான்.

மறுப்பதற்கு நம் பேச்சிலேயே வழி இருக்கிறது. நீண்ட விளக்கம் கொடுத்தால் கேட்பவர் ஒவ்வொரு காரணத்தையும் உடைப்பார். கால் வலி என்றால் தைலம் சொல்வார், நேரமில்லை என்றால் தன் நேரத்தைச் சொல்வார். "இப்ப இல்லை அண்ணை, நான் சுகத்துக்குத்தான் ஓடுறன்" என்பது போதும். திரும்பக் கேட்டால் அதே வசனத்தைத் திரும்பச் சொல்லலாம். வட்ஸ்அப் குழுவில் பெயர் போட்டுவிட்டால் குழுவில் சண்டை பிடிக்காமல், போட்டவரைத் தனியாக அழைத்து எடுக்கச் சொல்லுங்கள். எல்லோர் முன்னும் மறுத்தால் அவருக்கு மானப் பிரச்சினை, தனியாகச் சொன்னால் மறதிப் பிழை என்று முடிந்துவிடும். கழகத்தில் விட்டுக்கொடுக்க முடியாத உறவு இருந்தால், "ஓடமாட்டன், தண்ணி குடுக்க வாறன்" என்று சொல்லலாம். தண்ணீர் மேசைக்கு ஆள் வேண்டாம் என்று எந்த ஒழுங்கமைப்பாளரும் சொல்ல மாட்டார். பெண்களுக்கு இது இன்னும் சிக்கல். ஓடுவதற்கே வீட்டில் அனுமதி கேட்டவர்கள், பிறகு போட்டிக்குப் போகாததற்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

லண்டன் புஷி பார்க்கில் 2004 ஒக்டோபரில் 13 பேருடன் தொடங்கிய பார்க்ரன் இங்கே யோசிக்க வேண்டிய ஒன்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஐந்து கிலோமீற்றர், கட்டணம் இல்லை, நடக்கவும் செய்யலாம். கடைசி ஆளாக நடந்து வருவதற்கென்றே ஒரு தொண்டர் இருப்பார், அதனால் வேறு எவரும் கடைசியாக வரமாட்டார். 2024இல் வேகச் சாதனைப் பட்டியல்களை அவர்கள் தங்கள் இணையத்தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். புதியவர்கள் அதைப் பார்த்துத் தயங்குகிறார்கள் என்பது அவர்கள் எண்ணம். வேக வீரர்கள் கோபப்பட்டார்கள். மன்னாரில் இப்படி ஒன்றுக்கு மைதானமோ அனுசரணையோ தேவையில்லை. பள்ளிமுனைப் பெருக்க மரத்தடியில் நாலு பேர் கூடினால் போதும்.

சரி, நீங்களாகவே விரும்பிப் பெயர் கொடுக்கிறீர்கள் என்றால், முதலில் தொடக்க நேரத்தைக் கேளுங்கள். காலை எட்டு மணிக்குப் பிரமுகர் வந்து கொடியசைத்த பிறகுதான் ஓட்டம் என்றால், பங்குனி மாதத்தில் அந்தப் போட்டியை விட்டுவிடுவதே நல்லது. வழியில் தண்ணீர் எங்கே, அம்புலன்ஸ் உண்டா என்று கேட்பது கோழைத்தனம் அல்ல. அந்தத் தூரத்தைப் பயிற்சியில் ஒரு தரமாவது ஓடாமல் போட்டியில் ஓடாதீர்கள். நாற்பது தாண்டியவர்களும், நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்களும், ஓடும்போது நெஞ்சு இறுகியவர்களும், ஒரு தரமாவது மயங்கி விழுந்தவர்களும் முதலில் வைத்தியரைப் பார்க்க வேண்டும். விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இந்த வெயிலுக்கு உடல் பழக ஒன்று இரண்டு கிழமை விட வேண்டும். விமானத்தால் இறங்கிய மூன்றாம் நாள் ஊர்ப் போட்டியில் ஓடுவது அண்ணாவாக இருந்தாலும் தவறு.

வீதியோரம் நிற்பவர்களும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஓடுபவர் தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், கோபப்பட்டால், "விடாதே, இன்னும் கொஞ்சம்தான்" என்று கத்தாதீர்கள். அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். வியர்த்துக்கொண்டிருக்கிறார் என்பதால் ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், சட்டையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் வையுங்கள். மீன் இறங்கும் கரையில் ஐஸ் கிடைப்பது பெரிய காரியமல்ல. தண்ணீர் ஊற்றும்போதே மற்றொருவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கட்டும். வாகனம் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்த வேண்டாம். நினைவு தெளிவில்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

பிள்ளைகளின் விடயத்தில் மறுக்க வேண்டியவர்கள் பெற்றோர்தான். மழைக்குப் பிறகு டெங்குவும் வைரஸ் காய்ச்சலும் வரும் மாதங்களில் இது முக்கியம். காய்ச்சல் விட்ட கையோடு கடுமையாக ஓடுவது இதயத்தைப் பாதிக்கக்கூடும். வகுப்பாசிரியருக்குக் கொடுக்கும் துண்டில் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. "மகனுக்குச் சென்ற வாரம் காய்ச்சல். மரதன் ஓட்டத்தில் சேர்க்க வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்து வைத்து, போட்டிக்கு முதல்நாள் பிள்ளையிடம் கொடுத்துவிடாமல் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.