பரணிலிருந்து இறங்கிய டெலிவிஷன்

பழைய டெலிவிஷன் பெட்டி ஒன்று பரணிலிருந்து இறங்கி வந்தால், வீட்டார் அத்தனை பேருக்கும் ஏககாலத்தில் ஓர் ஆசை உண்டாகிறது. பிளக்கைச் சொருகிப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அது. நேயர்கள் மற்ற விஷயங்களை மறந்துவிட்டாலும், இந்த ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளும்படி முதலிலேயே கேட்டுக்கொள்கிறோம்.

சென்னையில் டெலிவிஷன் நிலையம் 1975-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி ஆரம்பமாயிற்று. (1950-லேயே, தேனாம்பேட்டைப் பொருட்காட்சியில் சிவகுமாரன் என்னும் இஞ்சினீயரிங் மாணவர் டெலிவிஷனைச் செய்து காட்டினார் என்பது பலருக்கு ஞாபகமிராது.) பிறகு பூந்தமல்லி, திருமழிசை வரையில் வீட்டுக் கூரைகளின் மேல் அலுமினியக் கொம்புகள் முளைத்தன. அக்காலத்துப் பெட்டிகள் பலவற்றில் பாதி வால்வு, பாதி டிரான்ஸிஸ்டர். நான்கு கால்கள், இழுத்து மூடும் மரக் கதவு, 'டக் டக்' என்று திருகும் குமிழ். பார்த்தவுடன் ஒரு மரியாதை தோன்றும்.

திருமழிசையில் ஜகந்நாதப் பெருமாள் கோயிலுக்கு அருகே ஒரு வீட்டில் நாம் பார்த்த பெட்டியில் பெயர்த் தகடு உதிர்ந்து போயிருந்தது. மாமா, "இது ஸாலிடேர்" என்றார். அத்தை, "டயனோராதான், நகைச் சீட்டுப் பணத்தில் வாங்கியது எனக்கல்லவா தெரியும்?" என்றாள். இரண்டும் நமது சென்னையிலேயே உற்பத்தியானவை என்பதால் வழக்கு எளிதில் தீரவில்லை. பின்மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தால், கரையான் வெகு சரியாகக் கம்பெனியின் பெயரைத் தின்றுவிட்டு, வால்வுகளின் படத்தை மட்டும் விட்டுவைத்திருந்தது. தபாலாபீஸ் லைசென்ஸ் புத்தகம் அகப்பட்டிருந்தால் வருஷமாவது தெரிந்திருக்கும்.

நல்ல வேளையாக, ரிப்பேருக்குப் பெயரைவிட வால்வின் நம்பரே முக்கியம். 'பி' என்று ஆரம்பித்தால் அதன் இழை 300 மில்லி ஆம்பியர் மின்சாரத்தில் காய்வது. 'எல்' என்றால் சக்தி தரும் வால்வு. 'ஒய்' என்றால் ஒருவழிப் பாதை. பி.எல். 504-ம் பி.ஒய். 88-ம் பக்கத்தில் நின்றால், படத்துக்கு விநாடிக்கு 15,625 கோடுகள் இழுக்கும் இடம் அதுதான். இழைகளெல்லாம் திருவிழா ஸீரியல் விளக்குகளைப் போல் ஒரே சரமாகக் கோக்கப்பட்டவை. ஒன்று அறுந்தால் எல்லாம் அணையும். ஆகவே இருட்டான பெட்டியைக் கண்டு, வால்வெல்லாம் போயிற்று என்று பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுவது மகா அநியாயம். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961 முதல் ரேடியோ வால்வுகள் செய்தது. அதன் சரக்கு பழைய சாமான் கடைகளில் இன்னும் அகப்படுகிறது. படக் குழாய்தான் அபூர்வம். அதன் மெல்லிய கழுத்தை இடித்துவிட்டால் மாற்று தேடுவது பெரும்பாடு.

இனி, அபாயம். இந்தப் பெட்டிகள் பலவற்றில் உள்ளே இருக்கும் இரும்புத் தட்டே வீட்டு மின்சாரத்தோடு நேராகச் சேர்ந்தது. தனிப் பிரிப்பு டிரான்ஸ்பார்மர் இல்லாமல் தொடுவது உயிரோடு விளையாடுவது. படக் குழாயில் ஏறும் அழுத்தமோ 15,000 வோல்ட்டுக்கும் மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கும். பழகிய கை இல்லாதவர்கள் பின்மூடியைத் திறவாதிருப்பதே உசிதம்.

திருமழிசை ஆழ்வார் சொன்னதும், காஞ்சிப் பெருமாள் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாராம். பல வருஷம் தூங்கிய டெலிவிஷனிடம் அவ்வளவு கீழ்ப்படிதலை எதிர்பார்ப்பதற்கில்லை. அதன் மின்தேக்கிகள் உலர்ந்திருக்கும். முழு மின்சாரமும் திடீரென்று பாய்ந்தால் வெடிக்கும். எனவே மெக்கானிக், கசியும் காகித மின்தேக்கிகளை மாற்றிவிட்டு, 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக வைத்துத்தான் மின்சாரம் கொடுத்தார். பல்பு முழுதாக எரிந்தால் உள்ளே ஷார்ட் என்று அர்த்தம். மங்கினால் மேலே போகலாம். அன்று பல்பு மங்கிற்று. ஆனால் பி.எல். 504-ன் தகடு செக்கச் சிவந்தது! அவர் உடனே அணைத்தார். ஓர் அரை நிமிஷம் விட்டிருந்தால் அந்த வால்வு போய், கூடவே டிரான்ஸ்பார்மரும் போயிருக்கும். வால்வுக்கு வர வேண்டிய தூண்டுதல் வரவில்லை. காரணம், காரீயப் பற்று விட்டுப்போன ஒரு சிறு கம்பி.

ஒளி வந்துவிட்டாலும் காட்சிக்கு எங்கே போவது? அந்தப் பழைய முறை ஒளிபரப்பு சென்னை வானில் இப்போது இல்லை. தற்காலத்து ஸெட்-டாப் பெட்டிக்கும் இதற்கும் நடுவே மாடுலேட்டர் என்னும் சிறு கருவி வேண்டும். வாங்கும்போது, பழைய வி.ஹெச்.எப். சானலில் அனுப்பக்கூடியதா, ஒலி 5.5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் வருமா என்று கேட்டு வாங்குக.