தூரமும் நேரமும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் வீதியில் அமைந்துள்ளது அலவத்துகொட. இவ்வூரிலிருந்து இலண்டனுக்குப் புறப்படும் ஒருவர் முதலில் கட்டுநாயக்க விமான நிலையத்தை அடைதல் வேண்டும். தேசப்படத்தில் நேர்கோடிட்டு அளந்தால் இடைவெளி ஏறக்குறைய 85 கிலோமீற்றர்தான். மணிக்கு 850 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும் ஜெட் விமானத்துக்கு இது ஆறு நிமிடத் தூரம். மலைச்சரிவுகளையும் வளைவுகளையும் கடந்து செல்லும் மோட்டார் வண்டிக்கோ மூன்று மணி நேரமும் போதாதிருக்கலாம். தூரம் வேறு, அதைக் கடக்கும் நேரம் வேறு என்பது இங்கேயே புலனாகின்றது.

ஆகாயத்தில் மலையுமில்லை, வளைவுமில்லை. பூகோள உருண்டையில் கொழும்பையும் இலண்டனையும் தொட்டு ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால், அந்நூல் காட்டுவதே மிகக் குறுகிய வழி. அதன் நீளம் ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர். இதனைக் கடக்க விமானத்துக்குப் பதினொரு மணி நேரமளவில் வேண்டும். ஆனால் கடிகாரம் வேறு கணக்குச் சொல்லும். மாரிகாலத்தில் இலண்டன் நேரம் இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணி பிந்தியது. பிற்பகல் 1 மணிக்குக் கொழும்பை விட்ட விமானம், இலண்டன் கடிகாரத்தில் மாலை 6.30க்கு இறங்கும். ஐந்தரை மணியில் சென்றுவிட்டது போல் தோன்றும். அங்கிருந்து இரவு 8.30க்குப் புறப்பட்டுப் பத்தரை மணி நேரம் பறந்து வந்தால், இங்கே மறுநாள் பகல் 12.30 ஆகியிருக்கும். இப்போது பதினாறு மணி சென்றது போல் தோன்றும்.

திரும்பும் பிரயாணம் உண்மையிலேயே சற்றுக் குறுகுவதற்குக் காரணம், உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று. காற்றின் வலிமைக்கு இலங்கையின் வரலாற்றிலேயே சான்றுண்டு. 1942இல் சிங்கப்பூர் யப்பானியர் வசமானதும் அவுஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்குமிடையே இருந்த வான்வழி அறுந்தது. 1943 முதல் 1945 வரை, காலிக்கு அருகிலுள்ள கொக்கலவுக்கும் பேர்த் நகருக்குமிடையே கற்றலினா என்னும் கடல் விமானங்கள் பறந்து அவ்வழியை மீண்டும் இணைத்தன. தூரம் 5,600 கிலோமீற்றருக்கு மேல். இடையில் இறங்க இடமில்லை. எரிபொருளின் பாரம் மிகுதியானதால் மூன்று பிரயாணிகளுக்கே இடமிருந்தது. பகைவர் அறியாதவாறு வானொலியை மௌனமாக்கி, விண்மீன்களை நோக்கியே விமானிகள் திசையறிந்தனர். சாதாரணமாக 28 மணி நேரமளவில் முடியும் இப்பிரயாணம், ஒருமுறை 32 மணி 9 நிமிடம் நீடித்தது. ஒரே பிரயாணத்தில் இரு சூரியோதயங்களைக் கண்டமையால் இதனை 'இரட்டைச் சூரியோதயம்' என்றழைத்தனர். இன்றைய ஜெட் விமானம் அத்தூரத்தை ஏழு மணி நேரத்துக்குள் கடந்துவிடும்.

பிரயாணச் சீட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊரின் கடிகாரப்படியே குறிக்கப்படுகின்றன. கோடையில் இலண்டன் கடிகாரம் ஒரு மணி முன்னே தள்ளப்படுவதால் ஐந்தரை மணி வித்தியாசம் நாலரையாகும். இவற்றைக் கணக்கிட்ட பின்னரே பிரயாண நேரம் விளங்கும். பிள்ளையை வரவேற்க அலவத்துகொடவிலிருந்து புறப்படும் பெற்றோர், இறங்கும் நேரத்தை இலங்கைக் கடிகாரத்தில் அறிந்து, வீதிக்கு வேண்டிய மூன்று நான்கு மணியையும் சேர்த்துக்கொண்டால் வீண் காத்திருப்பும் இல்லை, பதற்றமும் இல்லை.