ஈரமும் உலர்வும்: கம்போங் ராஜாவில் வீட்டுக் குப்பை சேகரிப்பு

ஈப்போவுக்கு அருகிலுள்ள சிம்பாங் பூலாயிலிருந்து மலையேறி வருவோர் கேமரன் மலையில் முதலில் காணும் சிற்றூர் கம்போங் ராஜா. தேயிலைத் தோட்டங்களும் காய்கறிப் பண்ணைகளும் சூழ்ந்த இப்பகுதியில் கடைவீதி, வீடமைப்புப் பகுதி, தோட்டத்து லயம் என மூவகை வாழ்விடங்கள் உள்ளன. மூன்றிலிருந்தும் நாள்தோறும் குப்பை வெளிவருகின்றது. அதனை எங்ஙனம் பிரித்துச் சேகரித்தால் பயன் விளையும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மழையும் குளிரும் மிகுந்த மலையூரில், குப்பையை எத்தனை வகையாகப் பிரிக்கின்றோம் என்பதைக் காட்டிலும், ஈரத்தை உலர்ந்ததிலிருந்து முதலிலேயே விலக்கி வைக்கின்றோமா என்பதே முதன்மையானது. இக்கருத்தைப் படிப்படியாகக் காண்போம்.

சட்டம் கூறுவது

திடக்கழிவு, பொதுத் துப்புரவு மேலாண்மைச் சட்டம் 2007ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. 672ஆம் எண்ணுடைய இச்சட்டம் 2011 செப்டம்பர் 1 முதல் பகாங் உள்ளிட்ட மாநிலங்களில் நடைமுறைக்கு வந்தது. பகாங்கில் குப்பை சேகரிக்கும் பொறுப்பு அலாம் ஃபுளோரா நிறுவனத்திற்கு அளிக்கப்பட்டது. 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரித்தல் கட்டாயமாயிற்று. 2016 ஜூன் முதல், பிரிக்கத் தவறுவோர்க்கு 50 ரிங்கிட்டில் தொடங்கும் தண்டமும் வந்தது.

இத்திட்டத்தில் வாரத்திற்கு மூன்று முறை லாரி வரும். இரண்டு நாள்கள் எஞ்சிய குப்பைக்கு உரியவை. ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள்களுக்கும் பருமனான பொருள்களுக்கும் உரியது. காகிதத்திற்கு நீலப் பை, நெகிழிக்கு வெள்ளைப் பை, கண்ணாடி, உலோகம் முதலியவற்றிற்குப் பச்சைப் பை என வகுத்தனர். நாடு முழுவதும் 2012இல் 10.5 விழுக்காடாக இருந்த மறுசுழற்சி அளவு 2023இல் 35 விழுக்காட்டைத் தாண்டியது. இது போற்றத்தக்க வளர்ச்சியே. ஆயினும் இத்திட்டத்தில் உணவுக் கழிவுக்குத் தனிப் பை இல்லை. அது எஞ்சிய குப்பையோடு சேர்ந்தே செல்கின்றது. மலையூரின் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகின்றது.

ஈரத்தின் விலை

2012இல் தேசியத் திடக்கழிவு மேலாண்மைத் துறை எடுத்த ஆய்வின்படி, மலேசிய வீட்டுக் குப்பையில் 44.5 விழுக்காடு உணவுக் கழிவு, 13.2 விழுக்காடு நெகிழி, 12.1 விழுக்காடு அணையாடை, 8.5 விழுக்காடு காகிதம். உணவுக் கழிவில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். அப்படியாயின், நூறு கிலோ குப்பையை லாரியில் ஏற்றும்போது முப்பது கிலோவுக்கும் மேலாக நீரையே நாம் மலைச்சாலையில் சுமந்து செல்கின்றோம்.

குப்பையை எரிக்கும்போது இந்நீர் வேறொரு செலவை உண்டாக்குகின்றது. 20 பாகை வெப்பநிலையிலுள்ள ஒரு கிலோ நீரைக் கொதிக்கவைத்து முழுவதும் ஆவியாக்க ஏறத்தாழ 2,600 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு லிட்டர் டீசல் ஏறத்தாழ 36,000 கிலோஜூல் தரும். கேமரன் மலையில் நிறுவப்பட்ட எரியுலை நாளொன்றுக்கு 40 டன் கொள்ளளவு உடையதாக அமைக்கப்பட்டது. மேற்கண்ட விழுக்காட்டின்படி 40 டன் வீட்டுக் குப்பையில் உணவுக் கழிவு மட்டும் 17.8 டன்; அதிலுள்ள நீர் 13 டன்னுக்கும் மேல். அந்நீரை ஆவியாக்குவதற்கு 900 லிட்டருக்கும் மேற்பட்ட டீசலுக்கு ஈடான வெப்பம் செலவாகும். அவ்வெப்பத்தில் ஒரு பகுதியை உடன் எரியும் காகிதமும் நெகிழியும் தரும். குறைந்ததை எரிபொருள்தான் ஈடுசெய்ய வேண்டும். சோற்றையும் காய்கறித் தோலையும் உலர்த்துவதற்காக, மீண்டும் பயன்பட்டிருக்க வேண்டிய காகிதத்தை எரிக்கின்றோம் என்பதே இதன் பொருள்.

எரிக்காமல் புதைத்தாலும் ஈரம் விடுவதில்லை. காற்றுப் புகாமல் அழுகும் உணவு மீத்தேன் வளியையும் கசிவுநீரையும் தருகின்றது. தெருவில் சிதறும் குப்பையோ வடிகால் வழியே ஆற்றை அடைகின்றது. கம்போங் ராஜா தெலோம் ஆற்றின் மேற்படுகையில் உள்ளது. இவ்வாற்றின் நீர் மலையைக் குடைந்த சுரங்கவழி பெர்தாம் பள்ளத்தாக்கிற்குத் திருப்பப்பட்டு, 1963இல் முடிக்கப்பெற்ற சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் நீர்த்தேக்கத்தைச் சேர்கின்றது. அந்நீர்த்தேக்கத்தில் படியும் மண்ணையும் குப்பையையும் அகற்றுவது இன்றுவரை ஓயாத பணியாக உள்ளது.

சொல்லும் தொட்டியும்

தமிழில் குப்பையை 'மக்கும் குப்பை', 'மக்காத குப்பை' எனப் பிரித்துச் சொல்லும் வழக்கம் பரவியுள்ளது. தமிழ்நாட்டில் தொட்டிகளிலும் சுவர்களிலும் இச்சொற்களே எழுதப்படுகின்றன. எளிய சொற்கள்தாம், ஆனால் நம் சேகரிப்பு முறைக்கு இவை முற்றும் பொருந்துவதில்லை. பழைய நாளிதழ் மக்கும் பொருள். இச்சொல்லை நம்பும் மாணவன் அதனை மீன்முள்ளோடு சேர்த்துப் போடுவான். சட்டமோ அதனை நீலப் பையில் கேட்கின்றது. அணையாடை எளிதில் மக்காத பொருள். அதனை அவன் கழுவிய புட்டியோடு சேர்ப்பான். பை முழுவதும் பாழாகும்.

'ஈரக் குப்பை', 'உலர் குப்பை', 'எஞ்சிய குப்பை' என்னும் மூன்று சொற்களும் இக்குழப்பத்தைத் தீர்க்கின்றன. சமையலறையிலிருந்து வருவது ஈரக் குப்பை. கழுவித் துடைத்து அடுக்கக்கூடியது உலர் குப்பை. இரண்டிலும் அடங்காத அணையாடை, அழுக்குத் தாள் போன்றவை எஞ்சிய குப்பை. சொல் தெளிவாக இருப்பின் கை தவறுவதில்லை. இன்று தோட்டங்களில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்களும் வாழ்கின்றனர். ஆதலின் அறிவிப்புப் பலகையில் தமிழோடும் மலாயோடும் அவர்தம் மொழிகளும் படங்களும் இடம்பெறுதல் வேண்டும்.

லயத்திலிருந்து லாரி வரை

வீட்டில் பிரித்ததை வழியில் கலந்துவிட்டால் உழைப்பு வீணாகும். ஆகவே திட்டமிடுவோர் லயத்தின் வாசலுக்கும் லாரி நிற்கும் இடத்திற்கும் இடைப்பட்ட தொலைவைக் கருத வேண்டும். தோட்டத்துச் சாலை குறுகியது, வளைவு மிக்கது. பெரிய லாரி உள்ளே வர இயலாத இடங்களில் சேகரிப்பு நிலையம் ஒன்று தேவை. அதற்குக் கூரையும் உயர்ந்த தளமும் மூடியுள்ள தொட்டிகளும் இன்றியமையாதன. மழையில் நனைந்த காகிதத்தை வாங்குவோர் இல்லை.

நேரமும் கருதத்தக்கது. தேயிலை பறிப்போர் விடியற்காலையில் பணிக்குச் செல்கின்றனர். காலையில் வரும் லாரிக்காக அவர்கள் முன்னிரவே பையை வெளியில் வைக்க நேர்கின்றது. இரவில் நாயும் குரங்கும் மழையும் அதனைக் குலைத்துவிடும். உலர் குப்பையைப் பணி முடிந்த மாலை வேளையில் சேகரித்தால் இவ்விடர் நீங்கும். தோட்டத்துச் சாலை நிறுவனத்திற்கு உரியது. பொதுச்சாலை அரசுக்கு உரியது. எந்த இடத்தில் ஒருவர் பொறுப்பு முடிந்து மற்றவர் பொறுப்பு தொடங்குகின்றது என்பதை முன்னரே எழுத்தில் வரையறுத்தல் நலம். இல்லையெனில் இடையில் கிடக்கும் குப்பை எவருக்கும் உரியதாகாது.

ஈரக் குப்பையை இயன்றவரை ஊரைவிட்டு வெளியேற்றாமல் உரமாக்குவதே தக்க வழி. குளிர்ந்த மலையில் சிறு குவியல் விரைவில் சூடேறாது. ஏறத்தாழ ஒரு கன மீட்டர் அளவாவது குவித்து, காய்ந்த புல்லும் சருகும் மரத்தூளும் கலந்து, கூரையின்கீழ் அவ்வப்போது கிளறிவந்தால் உட்சூடு நிலைக்கும். ஆகையால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குழி என்பதினும், ஒரு லய வரிசைக்கு ஒரு பொது உரத்தொட்டி என்பது இங்குப் பொருந்தும். விளையும் உரத்திற்கு அண்டையிலேயே காய்கறிப் பண்ணைகள் உள்ளன.

இதற்கு ஜப்பானிய மலையூரான காமிகட்சு நல்ல சான்று. 1,500க்கும் குறைவானோர் வாழும் அவ்வூர் 2003இல் குப்பையற்ற ஊராவோம் என்று அறிவித்தது. அங்கே குப்பை லாரி இல்லை. மக்களே பொருள்களைப் பொது நிலையத்திற்குக் கொணர்ந்து நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கின்றனர். ஏறத்தாழ 80 விழுக்காடு மறுசுழற்சியாகின்றது. பலரும் வியப்பது அத்தனை வகைகளைத்தான். ஆனால் அதற்கு முன்பே, 1990களில், உணவுக் கழிவை வீட்டிலேயே உரமாக்கும் கருவிகளுக்கு ஊராட்சி மானியம் வழங்கிற்று என்பதே நாம் கற்க வேண்டிய பாடம். ஈரம் நீங்கியபின் எஞ்சியவை நாற்றமின்றி, வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடியனவாயின.

வகுப்பறையில் தொடங்குவோம்

இக்கருத்தை ஆசிரியர்கள் மாணவர்களைக் கொண்டே சோதித்தறியலாம். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் குப்பையை ஒரு வாரம் மூன்று வாளிகளில் பிரித்து நாள்தோறும் எடைபோடட்டும். ஒரு கிலோ ஈரக் குப்பையைக் கூரையின்கீழ் உலர்த்தி மீண்டும் எடைபோட்டால் நீரின் பங்கு கண்கூடாகத் தெரியும். அவ்வெண்களை ஓர் அட்டவணையாக்கி மாவட்ட மன்றத்தின் பார்வைக்கு அனுப்பலாம். தம் ஊரின் எண்களைத் தாமே அறிந்த மக்களிடம் திட்டம் எளிதில் வேரூன்றும்.

ஒரு வேண்டுகோள் சேகரிப்போர்க்கும் உரியது. கழுவி உலர்த்திய புட்டியை ஒரு குழந்தை தனிப் பையில் இட்டு வைக்கின்றது. அப்பை மற்றக் குப்பையோடு ஒரே லாரியில் கொட்டப்படுவதை அது ஒருமுறை கண்டுவிட்டால், மறுவாரம் எந்தத் தண்டமும் அக்குழந்தையைப் பிரிக்க வைக்காது. குறித்த நாளில், குறித்த பைக்கு, குறித்த வண்டி தவறாமல் வருதல் வேண்டும். வீட்டார் தம் கடமையைத் தொடர்ந்து செய்வதற்கு அதுவே உறுதியளிக்கும்.