கார்மேல் மலையில் ஒரு யூதத் துறவி

சென்ற வாரம் பார்த்த ஈடித் ஸ்டைன் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டது 1942 ஆகஸ்ட் 9ஆம் தேதி. யூதராகப் பிறந்து கார்மேல் சபைக் கன்னியாஸ்திரியானவர். அதே ஆகஸ்டில், இன்றைய பெலாரசில் இருக்கும் மிர் என்ற சிற்றூரில் இன்னொரு யூதர் ஜெர்மன்காரர்களின் போலீஸ் உடுப்பில் நடமாடிக்கொண்டிருந்தார். பெயர் ஓஸ்வால்ட் ரூஃபைசன். இருபது வயதை ஒட்டிய இளைஞர். பிறந்தது ஆஷ்விட்ஸுக்குப் பக்கத்துக் கிராமம்.

ஜெர்மன் சரளமாகப் பேசுவார். பாதி ஜெர்மானியர் என்று சொல்லிக்கொண்டு போலீஸில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்துவிட்டார். மிர் கோட்டைக்குள் அடைக்கப்பட்டிருந்த யூதர்களுக்கு ரகசியமாக ஆயுதம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர்களைக் கொல்ல ஆகஸ்ட் 13 என்று நாள் குறித்திருப்பது காதில் விழுந்ததும் உள்ளே தகவல் அனுப்பினார். தப்பிக்கும் இரவில், கொரில்லாக்கள் வருகிறார்கள் என்று கதைகட்டி போலீஸ் படையை வேறு பக்கம் திருப்பிவிட்டார். 200க்கும் மேற்பட்டோர் காட்டுக்குள் தப்பி ஓடினார்கள். ஓட முடியாதவர்கள் குறித்த நாளில் கொல்லப்பட்டார்கள்.

யாரோ காட்டிக்கொடுத்தார்கள். போலீஸ் அதிகாரி ஹைன் இவரைப் பிள்ளைபோல வைத்திருந்தவர். போலந்து மேலிருந்த பற்றால் செய்த வேலை என்றே அவர் நினைத்தார். ரூஃபைசனுக்கு அந்தப் பொய் போதும். ஆனால் தான் யூதன் என்று அவரே வாயைத் திறந்து சொன்னார். பிறகு எப்படியோ தப்பி, மிர் ஊரிலேயே கன்னியர் மடம் ஒன்றில் ஒளிந்தார். வெளியே போக நேர்ந்தபோது கன்னியாஸ்திரி உடுப்பில் போயிருக்கிறார்.

அந்த மடத்தில்தான் புதிய ஏற்பாட்டைப் படித்தார், ஞானஸ்நானம் கேட்டார். உயிர்ப்பயத்தில் மாறினார் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் நாஜிகள் பார்த்தது பிறப்பை. ஞானஸ்நானம் ஈடித் ஸ்டைனைக் காப்பாற்றியதா என்ன? சிலுவையில் வதைபட்ட யூதர் ஒருவரிடம் தன் இனத்தின் வதைக்கு ரூஃபைசன் விடை தேடினார் என்றே எனக்குப் படுகிறது.

போர் முடிந்ததும் கார்மேல் சபையில் சேர்ந்தார், 1952இல் குருப்பட்டம். பெயர் சகோதரர் டேனியல் ஆனது. இளம் வயதில் சியோனிச இயக்கத்தில் இருந்தவர், தம்பி வேறு இஸ்ரேலில் இருந்தார். 1959இல் அங்கே போய், கார்மேல் மலை மேலுள்ள ஸ்டெல்லா மாரிஸ் மடத்தில் தங்கினார். யூதர் எவரும் குடியேறலாம் என்னும் 1950ஆம் ஆண்டின் ‘திரும்பி வரும் உரிமைச் சட்ட’த்தின் கீழ் விண்ணப்பித்தார். அரசு மறுத்தது. குடியுரிமை பெற வேறு வழியும் இருந்தது. அவர் விடவில்லை, உச்ச நீதிமன்றம் போனார்.

1962இல் நான்குக்கு ஒன்று என்று தீர்ப்பு எதிராக வந்தது. விசித்திரம் அதன் காரணத்தில்தான். யூத மதச் சட்டப்படி யூதத் தாய்க்குப் பிறந்தவர் மதம் மாறினாலும் யூதரே. நீதிபதி சில்பர்க் இதை ஒப்புக்கொண்டார். ஆனால் இது நாடாளுமன்றம் போட்ட சட்டம், ரபிகள் போட்டதல்ல; சாதாரண யூதர் எவரும் கத்தோலிக்கக் குருவை யூதர் என்று சொல்ல மாட்டார் என்றார். மதச் சட்டம் சேர்த்துக்கொண்டவரை மதச்சார்பற்ற சட்டம் வெளியே தள்ளியது! நீதிபதி ஹைம் கோன் மட்டும் மாறுபட்டார். என் மனம் அவர் பக்கம்தான். ஆனாலும் கட்டாய ஞானஸ்நானத்துக்குப் பயந்து தலைமுறை தலைமுறையாகச் செத்த மக்களின் நினைவை சில்பர்க் தூக்கியெறிந்திருக்க முடியுமா, தெரியவில்லை.

1970இல் சட்டத்தையே திருத்தினார்கள்: யூதத் தாய்க்குப் பிறந்திருந்தாலும் வேறு மதத்தைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. டேனியல் மற்ற வெளிநாட்டவரைப் போல விண்ணப்பித்தே குடியுரிமை வாங்கினார். 1998இல் இறக்கும்வரை கார்மேல் மலையுள்ள ஹைஃபா நகரில்தான் இருந்தார். அங்கே எபிரேயம் பேசும் கத்தோலிக்கர்களைத் திரட்டி, அந்த மொழியிலேயே திருப்பலி நிறைவேற்றினார். மிர் கோட்டையிலிருந்து தப்பி இஸ்ரேலில் குடியேறியவர்களோடும் உறவு அறுபடவில்லை.

(தொடரும்)