இரத்தப் புற்றுநோய்: புதிய மருந்துப் பரிசோதனைக்குக் கையெழுத்திடும் முன்

மாத்தளை மாவட்டத்தின் எல்கடுவ, இரத்தோட்டைப் பக்கத் தோட்டங்களில் ஒருவருக்கு இரத்தப் புற்றுநோய் என்று சந்தேகம் வந்தால், அலைச்சல் மாத்தளை வைத்தியசாலையோடு முடிவதில்லை. கண்டிக்கும், சிலவேளை மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கும் போக நேர்கிறது. 'புதிய மருந்துப் பரிசோதனை' என்று யாராவது சொன்னால் 'எங்களை வைத்துச் சோதிக்கப் போகிறார்களோ' என்ற பயமே முதலில் எழும். யுத்த காலத்தில் விளங்காத மொழித் தாள்களில் கையெழுத்து வாங்கப்பட்டவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். அந்தப் பயத்தைக் குறைசொல்ல முடியாது.

ஆனால் இமாட்டினிப் என்ற மாத்திரை அப்படியான பரிசோதனையில்தான் தேறி வந்தது. நாட்பட்ட மைலோயிட் லுக்கீமியா என்ற இரத்தப் புற்றுநோயில் 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம்மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதனால் உருவாகும் பிழையான புரதம் வெண்குழியங்களை ஓயாமல் பெருக்குகிறது. அந்தப் புரதத்தைத்தான் இமாட்டினிப் முடக்குகிறது.

1998இல் அமெரிக்காவில் வைத்தியர் பிரையன் ட்ரக்கரின் குழு முதற்கட்டப் பரிசோதனையைத் தொடங்கியது. உடல் எவ்வளவு மருந்தைத் தாங்கும் என்று பார்ப்பதே முதற்கட்டம். சிறிய அளவில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போவார்கள். பழைய சிகிச்சை பலிக்காமல், நாளொன்றுக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்த 54 பேரில் 53 பேருக்கு இரத்தக் கணக்கு வழமைக்குத் திரும்பியது. அடுத்து 1,106 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு இமாட்டினிப்; மறு பாதிக்கு அப்போதைய சிறந்த சிகிச்சை. யார் எந்தப் பக்கம் என்பதை வைத்தியர் தெரிவு செய்யவில்லை, குலுக்கல்முறைதான். வெறும் மாவு மாத்திரை கொடுத்து எவரையும் கைவிடவுமில்லை. பழைய சிகிச்சை பலிக்காதவர்கள் புதியதற்கு மாறலாம், பலர் மாறினார்கள்.

ஆகவே உங்களை அணுகினால் கேளுங்கள். இது எத்தனையாம் கட்டம்? நெறிமுறைக் குழு அனுமதித்ததா? இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் இருக்கிறதா? பக்கவிளைவு வந்தால் செலவு யாருடையது? சம்மதப் படிவத்தைத் தமிழில் கேட்பது சலுகையல்ல, உரிமை. வீட்டுக்குக் கொண்டுபோய், விளங்கிய ஒருவரிடம் காட்டலாம். மறுத்தாலும், இடையில் விலகினாலும், வழமையான சிகிச்சையை நிறுத்த முடியாது. 'பரிசோதனை மருந்து' என்று காசு கேட்பவரை நம்பவேண்டாம்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும்: பரிசோதனை முடிந்த பிறகு மருந்து கிடைக்குமா? இமாட்டினிப் 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றாலும், அதன் விலை ஏழை நாட்டு நோயாளருக்கு எட்டாததாகவே இருந்தது. அந்த மருந்தின் ஒரு வடிவத்துக்கு நொவார்டிஸ் கேட்ட காப்புரிமையை இந்திய உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1இல் மறுத்தது. அதனால் இந்தியக் கம்பனிகள் மலிவு விலையில் அதைத் தொடர்ந்து தயாரிக்க முடிந்தது.