எந்த எண் பெரியது?

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி



89, 112 ஆகிய இரண்டில் எது பெரியது என்று எவரேனும் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். நாங்களும் ஒருநாள் சிரித்தோம். அது எவ்வளவு பெரிய தவறு என்பதையும், அதனால் நாங்கள் கற்ற பாடத்தையும் இங்கே கூற விரும்புகிறோம்.

இவ்வாண்டு சமூக சேவைக்காக எங்கள் வகுப்பிலிருந்து ஆறு பேர் சனிக்கிழமைதோறும் பள்ளிக்கு அருகிலுள்ள சிறுவர் சிறுமியருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கச் சென்றோம். “முதலை எப்போதும் பெரிய எண்ணைப் பார்த்துத்தான் வாயைத் திறக்கும்” என்று சொல்லி, பெரிது, சிறிது என்னும் குறிகளைக் கற்பித்தோம். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி முதலை வாயை மிக அழகாக வரைந்தாள். ஆனால் அது 89-ஐப் பார்த்துத் திறந்திருந்தது! நாங்கள் சிரித்துவிட்டோம். அவள் பலகையை அழித்துவிட்டு, அன்று முழுவதும் எதுவுமே எழுதவில்லை.

எங்கள் கணித ஆசிரியையான அருட்சகோதரியிடம் இதைச் சொன்னோம். “ஏன் அப்படிப் போட்டாய் என்று அவளைக் கேட்டீர்களா?” என்றார்கள். நாங்கள் தலைகுனிந்தோம்.

மறுவாரம் கேட்டோம். “எட்டு, ஒன்றைவிடப் பெரிசுதானே அக்கா?” என்றாள் அவள். பக்கத்திலிருந்த சிறுவனோ, “தொண்ணூறிலும் நூறு இருக்கே அக்கா. முன்னால ‘தொண்’ வேற இருக்கு. அப்போ அதுதானே நூறைவிடப் பெரிசு?” என்றான். இருவரும் யோசித்தே எழுதியிருக்கிறார்கள். இலக்கத்தின் மதிப்பு அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதைத்தான் நாங்கள் காட்டாமல் விட்டிருந்தோம்.

நம் முன்னோர் 325 என்பதை ௩௱௨௰௫ என்று எழுதினர். அதில் நூறுக்கும் பத்துக்கும் தனி அடையாளங்கள் கண்ணெதிரே நிற்கின்றன. இன்றைய முறையிலோ நூறு, பத்து என்பவை எழுதப்படுவதில்லை. இடத்தைப் பார்த்து நாமே அறிந்துகொள்ள வேண்டும். குழந்தைகள் தடுமாறுவது இங்கேதான்.

ஆகவே ஈர்க்குச்சிகளை எடுத்துச் சென்றோம். பத்துக் குச்சிகள் ஒரு கட்டு. பத்துக் கட்டுகள் ஒரு பெருங்கட்டு. 89-க்கு எட்டுக் கட்டுகளும் ஒன்பது உதிரிக் குச்சிகளும். 112-க்கு ஒரு பெருங்கட்டு, ஒரு கட்டு, இரண்டு உதிரிகள். எது பெரியது என்று நாங்கள் சொல்லவேண்டியிருக்கவில்லை. ‘தொண்ணூறு’ சிறுவனிடம் ஒன்பது கட்டுகளைக் கொடுத்துப் பெருங்கட்டுக் கட்டச் சொன்னோம். “இன்னும் ஒண்ணு வேணுமே” என்றான். விடை அவன் வாயிலிருந்தே வந்துவிட்டது.

அதன் பிறகே விதிகளைக் கூறினோம். முழு எண்களில் இலக்கங்கள் அதிகமுள்ள எண்ணே பெரியது. இலக்கங்கள் சமமாக இருந்தால் இடக்கோடியிலிருந்து ஒப்பிட வேண்டும். 472, 468 இவற்றில் நூறுகள் சமம்; பத்துகளில் 7 பெரியது. எனவே 472 பெரியது. கடைசியில் 8 இருப்பதால் 468 பெரியதாகிவிடாது. தசம எண்களுக்கு முதல் விதி பொருந்தாது, 0.25-ஐவிட 0.5 பெரியதன்றோ?

சுழியத்தையும் மறக்கலாகாது. 205-இல் அது பத்தின் இடத்தைக் காக்கிறது. 250-இல் ஒன்றின் இடத்தைக் காக்கிறது. குவாலியரில் கி.பி. 876-ஆம் ஆண்டைச் சேர்ந்த கோயிற் கல்வெட்டு ஒன்றில் 270 என்னும் எண் சுழியத்துடன் பொறிக்கப்பட்டுள்ளது. அத்தனை காலமாகச் சுழியம் இடங்காத்து நிற்கிறது!

வீட்டில் தம்பி தங்கையருக்கும் இவ்வாறே சொல்லிக்கொடுக்கலாம். ஈர்க்குச்சி இல்லையெனில் நூறு ரூபாய், பத்து ரூபாய்த் தாள்களும் ஒரு ரூபாய் நாணயங்களும் போதும். குறிகளைக் கடைசியில் கற்பித்தால் நல்லது.

சென்ற மாதம் அதே சிறுமி எங்களிடம் ஓடி வந்தாள். “அக்கா, 999, 1000 இரண்டையும் அடுக்க நம்மகிட்டே குச்சி பத்தாது. ஆனா ஆயிரம்தான் பெரிசு!” என்று சொல்லிச் சிரித்தாள். இம்முறை நாங்களும் அவளோடு சேர்ந்து சிரித்தோம்.

தோழியரே, குழந்தையின் விடை தவறாக இருந்தால், சிரிக்குமுன் “ஏன்?” என்று அன்போடு கேட்போமாக!