700 மெகாஹெர்ட்ஸ் எல்லாம் ஒன்றல்ல!

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஊருக்கு வரும்போது ஒரு செல்போனோ, பாக்கெட் வைஃபை கருவியோ கொண்டு வந்து தந்தால் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அது நம் ஊர் டவரோடு பேசுமா? பெட்டியின் மீது அச்சிட்டிருக்கும் எண்களைப் பார்த்து நானே ஏமாந்திருக்கிறேன். ஏன் ஏமாந்தேன் என்பதைத் தேடியபோது, மொபைல் இண்டர்நெட்டின் அடிப்படையான விஷயம் ஒன்றைக் கற்றுக் கொண்டேன். அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

நான் சென்னையில் சாப்ட்வேர் என்ஜினீயராக இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் நாமக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தேன். எங்கள் தெருவுக்குக் கேபிள் வழி இண்டர்நெட் இணைப்பு வரவில்லை. அமெரிக்காவில் இருக்கும் பெரியப்பா மகன், தான் பயன்படுத்திய பழைய பாக்கெட் வைஃபை கருவியைத் தந்தார். எந்த நிறுவனத்தின் சிம் கார்டையும் போடலாம் என்ற வகை. சென்னையில் சிம் போட்டுப் பார்த்தேன், நன்றாக வேலை செய்தது. ஊருக்கு எடுத்துப் போனால் ஒரு கோடு கூட சிக்னல் இல்லை. அதே சிம்மை அப்பாவின் விலை குறைந்த போனில் போட்டால் இரண்டு கோடு காட்டுகிறது!

"ஏம்பா, என் போன்ல வருது. இந்த டப்பாவுல மட்டும் ஏன் வரலை?" என்று அப்பா கேட்டார். நெட்வொர்க் விவரம் காட்டும் ஒரு ஆப் மூலம் பார்த்தேன். எங்கள் வீட்டுக்குள் வருவது 700 மெகாஹெர்ட்ஸ் சிக்னல். டவர் தொலைவில் இருப்பதால் மற்ற அலைவரிசைகள் வீடு வரை எட்டவில்லை. கருவியின் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். அதிலும் '700 மெகாஹெர்ட்ஸ்' என்றுதான் போட்டிருந்தது. பிறகு ஏன் வேலை செய்யவில்லை?

பேண்ட் பிளான் என்றால் என்ன?

ஒரு நிலத்தை மனை போட்டு விற்பதைப் பார்த்திருப்பீர்கள். நிலம் ஒன்றுதான். ஆனால் ரோடு எங்கே, மனை எங்கே, காலியாக விட வேண்டிய இடம் எங்கே என்று லே-அவுட் போடுபவர் முடிவு செய்கிறார். ஒரே நிலத்துக்கு இரண்டு பேர் இரண்டு விதமாக லே-அவுட் போடலாம்.

அலைவரிசையும் அப்படித்தான். 698 முதல் 806 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள 108 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைத்தான் பொதுவாக '700 பேண்ட்' என்கிறார்கள். அதற்குள் எந்தப் பகுதியில் டவர் பேச வேண்டும், எந்தப் பகுதியில் போன் பேச வேண்டும், எவ்வளவு இடத்தைக் காலியாக விட வேண்டும் என்று குறிப்பதுதான் பேண்ட் பிளான். அமெரிக்கா ஒரு பிளான் போட்டது. ஆசிய பசிபிக் நாடுகள் வேறு பிளான் போட்டன. என் கருவி அமெரிக்க லே-அவுட்டுக்குச் செய்யப்பட்டது. இவ்வளவுதான் விஷயம்.

700-க்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

முன்பு இந்த அலைவரிசை டிவி ஒளிபரப்புக்குப் பயன்பட்டது. டிவி டிஜிட்டல் முறைக்கு மாறியபோது குறைந்த இடமே போதும் என்றானது. மிச்சமான இடம் மொபைல் சேவைக்கு வந்தது. இதற்கு 'டிஜிட்டல் டிவிடெண்ட்' என்று பெயர்.

அலைவரிசை எண் குறைவாக இருந்தால் அலையின் நீளம் அதிகம். 700 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் சுமார் 43 செ.மீ. 2300-ல் சுமார் 13 செ.மீ. தான். குறைந்த எண் கொண்ட அலை அதிக தூரம் போகும், சுவரையும் நன்றாக ஊடுருவும். டவர்கள் தள்ளித் தள்ளி இருக்கும் கிராமங்களுக்கு இது மிகவும் முக்கியம்.

பேசுவதும் கேட்பதும்: இரண்டு முறைகள்

பிளான்களை ஒப்பிடும் முன் இரண்டு சொற்களைத் தெரிந்து கொள்ளுங்கள்.

எஃப்.டி.டி.: டவருக்கு ஒரு பாதை, போனுக்கு ஒரு பாதை. இரண்டும் ஒரே நேரத்தில் பேசலாம். நடுவில் தடுப்பு உள்ள இருவழிச் சாலை என்று வைத்துக் கொள்ளுங்கள்.

டி.டி.டி.: ஒரே பாதைதான். டவர் கொஞ்ச நேரம், போன் கொஞ்ச நேரம் என்று மாறி மாறிப் பேசும். ரயில்வே பாலத்துக்கு அடியில் ஒரு பக்கத்து வண்டிகளை நிறுத்தி மறு பக்கத்து வண்டிகளை விடுவது போல. இந்த மாற்றம் ஒரு வினாடிக்குள் நூறு முறைக்கு மேல் கூட நடக்கும்.

முதல் பிளான்: அமெரிக்கா

மற்ற நாடுகளுக்கு முன்பே அமெரிக்கா களத்தில் இறங்கியது. 2008-ல் நடந்த 700 மெகாஹெர்ட்ஸ் ஏலத்தில் சுமார் 1,900 கோடி டாலர் கிடைத்தது. 2009 ஜூன் 12 அன்று பெரிய டிவி நிலையங்களின் அனலாக் ஒளிபரப்பு நின்றது.

அங்கு டிவி சேனல் ஒன்றின் அகலம் 6 மெகாஹெர்ட்ஸ். அதே அளவில்தான் கீழ்ப் பகுதியைத் துண்டு போட்டார்கள். 698 முதல் 716 வரை போன் பேசும் இடம், 728 முதல் 746 வரை டவர் பேசும் இடம். இடையில் ஜோடி இல்லாத இரண்டு துண்டுகள். மேல் பகுதியிலோ தலைகீழ்! 746 முதல் டவர் பேசும், 776-க்கு மேல் போன் பேசும். போலீஸ், தீயணைப்பு போன்ற அவசரச் சேவைகளுக்குத் தனி இடமும் உண்டு.

இதனால் ஒரே 700-க்குள் 12, 13, 14, 17 என்று நான்கு பேண்ட் எண்கள் வந்துவிட்டன. பேண்ட் 12-ல் மூன்று துண்டுகள் அடக்கம். பேண்ட் 17-ல் அவற்றில் இரண்டு மட்டும். ஏ.டி.அண்ட்.டி. நிறுவனம் பேண்ட் 17 போன்களை விற்றது. மூன்றாவது துண்டை வாங்கியிருந்த சிறு நிறுவனங்களின் டவர்களோடு அந்தப் போன்கள் பேசவில்லை. 2013-ல்தான் இந்தச் சிக்கலுக்கு உடன்பாடு ஏற்பட்டது. ஒரே நாட்டுக்குள்ளேயே இந்த நிலைமை என்றால் மற்ற நாடுகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது பிளான்: ஆசிய பசிபிக் எஃப்.டி.டி.

ஆசிய பசிபிக் டெலிகம்யூனிட்டி என்ற அமைப்பில் உள்ள நாடுகள் 2010-ல் கூடிப் பேசி ஒரு பொதுப் பிளானை உருவாக்கின. அதன் கணக்கு இதுதான்:

698 - 703: காலி இடம் (5)
703 - 748: போன் பேசும் இடம் (45)
748 - 758: நடுவில் காலி இடம் (10)
758 - 803: டவர் பேசும் இடம் (45)
803 - 806: காலி இடம் (3)

மொத்தம் 108. அதில் 90 மெகாஹெர்ட்ஸ் பயன்பாட்டுக்குக் கிடைக்கிறது. துண்டுகள் சிதறாமல் தொடர்ச்சியாக இருப்பதால் ஒரு நிறுவனம் 10, 15, 20 என்று அகலமாக எடுத்துக் கொள்ளலாம். அகலம் கூடினால் வேகம் கூடும். இதற்குத் தரப்பட்ட எண் பேண்ட் 28.

கீழே உள்ள இடத்தைப் போனுக்குக் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். டவருக்கு மின்சாரத் தட்டுப்பாடு இல்லை. சாதாரண 4ஜி போனோ அதிகபட்சம் 0.2 வாட் சக்தியில்தான் பேசுகிறது. பலம் குறைந்தவருக்கு, தூரம் போகும் பாதையைக் கொடுத்திருக்கிறார்கள்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. போன் பேசுவது அதன் காதிலேயே விழாமல் தடுக்க 'டூப்ளெக்ஸர்' என்ற சிறு வடிகட்டி வேண்டும். 45 அகலத்துக்கு வெறும் 10 இடைவெளியில் ஒரே வடிகட்டி செய்வது கடினம். ஆகவே 30 அகலம் கொண்ட இரண்டு வடிகட்டிகளை ஒன்றன் மேல் ஒன்று படியும்படி வைத்தார்கள். போன் பேசும் பக்கத்தில் ஒன்று 703 - 733, மற்றது 718 - 748. ஐரோப்பா பின்னர் முதல் பாதியைத் தேர்வு செய்தது. ஜப்பான் இரண்டாம் பாதியைப் பயன்படுத்துகிறது. இரண்டு வடிகட்டிகளும் உள்ள போன் இரு இடங்களிலும் வேலை செய்யும்.

மூன்றாவது பிளான்: டி.டி.டி.

அதே கூட்டத்தில் டி.டி.டி. பிளான் ஒன்றும் ஏற்கப்பட்டது. 703 முதல் 803 வரை முழு 100 மெகாஹெர்ட்ஸும் கிடைக்கும். நடுவில் காலி இடம் தேவையில்லை. நாம் அப்லோடு செய்வதை விட டவுன்லோடு செய்வதுதான் அதிகம். டி.டி.டி.யில் டவுன்லோடுக்கு அதிக நேரம் ஒதுக்கலாம். கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? பிறகு ஏன் பெரும்பாலான நாடுகள் இதை எடுக்கவில்லை?

காரணம் தூரம்தான். டவரில் இருந்து 30 கி.மீ. தள்ளி ஒரு வீடு இருப்பதாக வைத்துக் கொள்வோம். ரேடியோ அலை வினாடிக்கு 3 லட்சம் கி.மீ. போகும். வீட்டுக்குப் போய்த் திரும்ப 60 கி.மீ., அதாவது 0.2 மில்லி வினாடி ஆகும். டவர் பேசி முடித்து, போனின் பதிலைக் கேட்கத் தொடங்கும் முன் ஒவ்வொரு முறையும் இந்த நேரம் சும்மா இருக்க வேண்டும். 5 மில்லி வினாடிக்கு ஒரு முறை மாறினால் 4 சதவீத நேரம் வீண். மேலும், பக்கத்துப் பக்கத்து டவர்கள் எல்லாம் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும். போனுக்குப் பேசக் கிடைக்கும் நேரமும் குறைவதால், தூரத்தில் இருக்கும் போனின் குரல் டவரை எட்டுவது கடினமாகிறது.

700-ன் பெரிய பலமே தூரம். அதில் தூரத்தைக் குறைக்கும் முறை எதற்கு? சீனா கூட 2020-ல் 700-க்கு எஃப்.டி.டி.யைத்தான் தேர்ந்தெடுத்தது. ஆனால் தூரம் குறைவாகப் போகும் மேல் அலைவரிசைகளில் டி.டி.டி. மிகப் பொருத்தமானது. 2012 ஏப்ரலில் ஏர்டெல் கொல்கத்தாவில் தொடங்கிய இந்தியாவின் முதல் 4ஜி சேவை, 2300 மெகாஹெர்ட்ஸில் டி.டி.டி. முறையில்தான் வந்தது.

இரண்டு பிளான்கள் சேர்ந்து வாழுமா?

மெக்சிகோவைப் பாருங்கள். அமெரிக்காவை ஒட்டிய நாடு. ஆனாலும் 2012-ல் ஆசிய பசிபிக் பிளானை எடுத்தது. அமெரிக்க டவர்கள் 728-ல் இருந்து மேலே பேசுகின்றன. மெக்சிகோ டவர்களோ 748 வரை காது கொடுத்துக் கேட்கின்றன. ஆகவே 728 முதல் 748 வரை, பக்கத்து நாட்டு டவரின் சத்தத்தில் தன் நாட்டுப் போனின் மெல்லிய குரல் அமுங்கிவிடும். எல்லைப் பகுதியில் இதற்காகவே ஒருங்கிணைப்பு தேவைப்படுகிறது.

என் கருவிக்கு நேர்ந்ததும் இதுதான். எங்கள் ஊர் டவர் பேசும் இடத்தைக் கேட்க அதில் வடிகட்டியே இல்லை. சாப்ட்வேர் மாற்றியும் சரி செய்ய முடியாது.

இந்தியாவில்

இந்தியா ஆசிய பசிபிக் எஃப்.டி.டி. பிளானை ஏற்றது. ஆனால் விலை மிக அதிகம். நாடு முழுவதற்கும் ஒரு ஜோடி மெகாஹெர்ட்ஸுக்கு 2016-ல் 11,485 கோடி ரூபாய் என்று குறைந்தபட்ச விலை வைத்தார்கள். யாரும் வாங்கவில்லை. 2021-ல் 6,568 கோடியாகக் குறைத்தார்கள். அப்போதும் விற்கவில்லை. 2022-ல் 3,927 கோடி ஆனதும், ஜியோ நாடு முழுவதும் 10 ஜோடி மெகாஹெர்ட்ஸை 39,270 கோடிக்கு வாங்கியது. பி.எஸ்.என்.எல்.லும் தன் 4ஜி சேவைக்கு 700-ஐப் பயன்படுத்துகிறது.

ஆக நல்ல பிளான் கையில் இருந்தும், 2016-ல் இருந்து ஆறு ஆண்டுகள் அது ஏலத்தில் விலை போகாமலே இருந்தது. பிளான் எவ்வளவு முக்கியமோ, விலையும் அவ்வளவு முக்கியம்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

1. பெட்டியில் '700' என்று இருந்தால் மட்டும் போதாது. பேண்ட் எண்ணைப் பாருங்கள். 4ஜிக்கு பி28, 5ஜிக்கு என்28 இருக்க வேண்டும். 12, 13, 17 என்று இருந்தால் அது அமெரிக்க 700.

2. இந்தியாவில் 4ஜிக்கு 1, 3, 5, 8, 28, 40, 41 ஆகிய பேண்டுகள் பயன்படுகின்றன. 5ஜிக்கு என்28-உடன் என்78-ம் அவசியம்.

3. ஒரே பெயரில் வரும் போனே நாட்டுக்கு நாடு மாறும். பெயரை நம்பாமல் மாடல் எண்ணைக் கொடுத்துத் தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் பாருங்கள்.

4. நகரத்தில் சோதித்து விட்டுக் கிராமத்துக்கு வாங்காதீர்கள். எந்த வீட்டில் பயன்படுத்தப் போகிறீர்களோ அங்கேயே சோதியுங்கள்.

அந்த அமெரிக்கக் கருவி இப்போது சென்னையில் என் மேஜையில் இருக்கிறது, இங்கே குறையில்லாமல் ஓடுகிறது. அப்பா தன் போனின் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, அதன் மூலம் கம்ப்யூட்டரில் இண்டர்நெட் பார்க்கிறார். அதற்கு எனக்கு ஒரு பைசா கூடச் செலவாகவில்லை. பெட்டியில் இருந்த பேண்ட் எண்ணை முதலிலேயே படித்திருந்தால், அந்தக் கருவியை ஊர் வரை சுமந்திருக்கவே மாட்டேன்!